சொன்ன சொல்லின் ஆயுள்

நான் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில், சித்தியவான் பட்டணத்து ரப்பர்க் கடை ஒன்றின் வாசலில் சிறிய கரும்பலகை ஒன்று தொங்கும். அன்றைய ரப்பர் விலையை அதில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைப்பார்கள். சிறுதோட்டக்காரர்கள் மிதிவண்டியின் பின்னால் ரப்பர்த் தாள்களைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வந்ததும் அந்தப் பலகையைத்தான் முதலில் பார்ப்பார்கள்; அதன் பிறகே கட்டை அவிழ்ப்பார்கள். ஒருநாள் ஆயர் தாவார்ப் பக்கமிருந்து வந்த முதியவர் ஒருவர் பலகையைப் பார்த்து மனம் மகிழ்ந்து கட்டை அவிழ்த்தார். தாள்கள் தராசில் ஏறிய பிறகுதான், பலகையில் இருந்தது முந்திய நாள் விலை என்பதும், அன்று விலை இறங்கிவிட்டது என்பதும் அவருக்குத் தெரியவந்தன. "அப்படியானால் இதை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். "நேற்று அது உண்மைதானே?" என்று கடைக்காரப் பையன் பதில் சொன்னான்.

அந்தப் பதிலில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பொய் இருக்கிறது என்பது மட்டும் அம்முதியவரின் முகத்திலிருந்து விளங்கியது. அவர் வேறொன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

பல ஆண்டுகள் உருண்டோடின. அண்மையில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். கணக்கில் கெட்டிக்காரன். பங்குச் சந்தையைக் கூர்ந்து கற்று, நண்பர்களுக்கும் அறிந்தவர்களுக்கும் கைப்பேசியில் புலனக் குழு வழியாக வாணிபக் குறிப்புகளை அனுப்பி வந்தான். இதற்காக அவன் யாரிடமும் ஒரு காசும் பெற்றதில்லை. ஒரு தோட்ட நிறுவனத்தின் பங்கை இரண்டு ரிங்கிட் விலையில் வாங்கலாம் என்றும், அது 2 ரிங்கிட் 40 காசு வரை ஏறும் என்றும் ஒருநாள் எழுதினான். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதை நம்பி, தம் பணிக்கொடைப் பணத்திலிருந்து இருபதாயிரம் ரிங்கிட்டுக்கு 10,000 பங்குகளை வாங்கினார். மூன்றாம் நாள் நண்பகலில் நிலைமை மாறியதைக் கண்ட மாணவன் தன்னிடமிருந்த பங்குகளை 1 ரிங்கிட் 92 காசுக்கு விற்றான். அருகிலிருந்த இரண்டு நண்பர்களிடம் சொன்னான். குழுவுக்கு எழுதவில்லை. மறந்தானா, நாணினானா என்பது அவனுக்கே தெளிவாகத் தெரியவில்லை. தலைமையாசிரியரோ 2 ரிங்கிட் 40 காசை எதிர்நோக்கி வாரக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் 1 ரிங்கிட் 30 காசுக்கு விற்று, ஏழாயிரம் ரிங்கிட்டை இழந்தார்.

மாணவன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, நான் சொன்னபோது அது உண்மைதானே? நான் பொய் சொல்லவில்லையே?"

ரப்பர்க் கடை வாசலில் கேட்ட அதே வாசகம் என் காதில் மீண்டும் ஒலித்தது. அன்று விடை தெரியாமல் நின்ற சிறுவன் இன்றேனும் விடை சொல்ல வேண்டாமா? சொன்னபோது உண்மையாக இருந்த ஒரு சொல், பின்னர் உண்மையல்லாது போகுமானால், சொன்னவனுக்கு அதன் மீது கடமை உண்டா? உண்டென்றால் அது எதுவரையில்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், வாணிபக் குறிப்பு என்பது என்ன என்று அறிந்துகொள்வோம். சந்தையில் பழகியவர்கள் 'சிக்னல்' என்று வழங்கும் இது, 'இன்ன பொருளை இன்ன விலையில் வாங்குக' அல்லது 'விற்க' என்று ஒருவர் பிறருக்கு விடுக்கும் அறிவிப்பாகும். முறையாக எழுதப்பெற்ற குறிப்பில் மூன்று விலைகள் இருக்கும். ஒன்று, நுழைய வேண்டிய விலை. இரண்டு, எதிர்பார்க்கும் இலக்கு விலை. மூன்று, கணிப்பு பொய்த்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டிய விலை. இம்மூன்றாவதை 'ஸ்டாப் லாஸ்' என்பர். நட்ட வரம்பு என்று நாம் கூறலாம். இரண்டு ரிங்கிட்டில் நுழைவு, 2 ரிங்கிட் 40 காசு இலக்கு, 1 ரிங்கிட் 85 காசு நட்ட வரம்பு என்று எழுதியிருந்தால், நாற்பது காசு ஆதாயத்துக்காகப் பதினைந்து காசை இழக்கத் துணிகிறோம் என்பது வாங்குபவருக்கு முதல்நாளே தெரிந்திருக்கும். என் மாணவனின் குறிப்பில் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. நம்பிக்கையை எழுதியவன், தான் தவறக்கூடும் என்பதை எழுத மறந்தான்.

இத்தகைய குறிப்புக்கு மனிதனைப் போலவே பிறப்பும் வளர்ச்சியும் இறப்பும் உண்டு. எழுதி அனுப்பிய நொடியில் அது பிறக்கிறது. குறித்த விலைக்குச் சந்தை வரும்வரை காத்திருக்கிறது. குறித்த காலத்துக்குள் விலை வராவிட்டால் அது செயற்படாமலே காலாவதியாகிறது. வந்துவிட்டால் உயிர்பெற்று நடமாடத் தொடங்குகிறது. விலை சாதகமாக ஏறினால், நட்ட வரம்பை மேலே உயர்த்தி நுழைந்த விலைக்கே கொண்டு வருவார்கள்; அதன்பின் பெரும்பாலும் முதலுக்குப் பழுதில்லை. சில வேளைகளில் பாதியை விற்று ஆதாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மீதியை ஓடவிடுவார்கள். இறுதியாக, இலக்கை எட்டியோ, நட்ட வரம்பைத் தொட்டோ, காரணம் மாறியதால் திரும்பப் பெறப்பட்டோ அக்குறிப்பு முடிவடைகிறது. முடிந்தபின் அதன் வரலாறு, வெற்றியாயினும் தோல்வியாயினும், ஏட்டில் பதியப்பெறுகிறது. பிறப்பு முதல் பதிவு வரையிலான ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பை விடுத்தவர் அதன் இன்றைய நிலையை அறிவித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இதுவே இத்தொழிலின் நல்ல மரபு.

ஏன் இவ்வளவு மாற்றங்கள்? உலகம் நிற்பதில்லை என்பதே காரணம். நம் வட்டாரத்தார் நன்கறிந்த செம்பனை எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் 10ஆம் நாளையொட்டி மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் நாட்டின் உற்பத்தி, ஏற்றுமதி, கையிருப்புக் கணக்கை வெளியிடுகிறது. கையிருப்பு மிகுந்தால் விலை தளரும், குறைந்தால் நிமிரும். 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போர் மூண்டு சூரியகாந்தி எண்ணெய் வரத்துத் தடைப்பட்டபோது, மார்ச் மாதத்தில் செம்பனை எண்ணெய் டன் ஒன்றுக்கு ஏழாயிரம் ரிங்கிட்டைக் கடந்தது. ஏப்ரல் 28ஆம் நாள் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மே 23ஆம் நாள் அத்தடையை நீக்கியது. சூலை மாதத்தில் விலை நாலாயிரம் ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கியது. மார்ச் மாதத்தில் 'வாங்குக' என்றவன் அறிவிலி அல்லன். ஆயின், சூலையிலும் அச்சொல்லை அழியாமல் தொங்கவிட்டவன் கடைவாசல் பலகையை அழிக்காதவனே ஆவான்.

இங்கே நம் மரபு ஒரு தடையை எழுப்புகிறது. சொன்ன சொல் மாறாமை தமிழர் போற்றிய பண்பு. 'வாக்கு மாறாதவன்' என்பது புகழ்ச்சி. 'சொல்லை மாற்றிப் பேசுபவன்' என்பது இகழ்ச்சி. அவ்வாறாயின், இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகக் குறிப்பை மாற்றுபவன் வாய்மை தவறியவன் ஆகானோ? என் மாணவன் எழுதாமல் இருந்ததற்குக் கூட இதுவே ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மூன்று நாளில் சொல்லை மாற்றினால் மதிப்புக் குறையும் என்று அவன் அஞ்சியிருக்கலாம்.

இத்தடையை நீக்க, நாம் 'சொல்' என்று ஒரே பெயரால் வழங்கும் இரண்டு வேறு பொருள்களைப் பிரித்துக் காண வேண்டும். ஒன்று வாக்குறுதி, மற்றொன்று கணிப்பு. 'நாளை உன் கடனைத் தருவேன்' என்பது வாக்குறுதி. அது சொல்பவனைக் கட்டுவது. உலகம் எப்படி மாறினாலும் அவன் மாறாதிருத்தலே அதன் வாய்மை. 'நாளை மழை வரும்' என்பது கணிப்பு. அது உலகத்தைப் பற்றியது. உலகம் மாறும்போது தானும் மாறுதலே அதன் வாய்மை. வாக்குறுதியை மாற்றுவது பொய். கணிப்பை மாற்றாதிருப்பது பொய். வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். காலமறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை மற்றொன்றுக்குப் பகையாக அவர் கருதவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாணிபக் குறிப்பில் இவ்விரண்டும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன என்பதே இங்கு நுட்பமான செய்தி. 'இப்பங்கு ஏறும்' என்பது வெளிப்படையான கணிப்பு. 'என்னை நம்பி வாங்கு' என்பது அதனுள் மறைந்திருக்கும் வாக்குறுதி. எதை நம்பி? 'நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாறினால் சொல்வேன்' என்பதை நம்பி. தலைமையாசிரியர் தம் பணத்தை ஒப்படைத்தது முதல் சொல்லை மட்டும் நம்பியன்று. இச்சொல்லாத சொல்லையும் நம்பியே. ஆகவே, கணிப்பை மாற்றி அறிவிப்பதே வாக்குறுதியை மாறாமல் காப்பதாகும். சொல்லை மாற்றுவதால் வாக்குத் தவறும் என்று அஞ்சிய மாணவன், மாற்றாததனால்தான் வாக்குத் தவறினான்.

நம் பெருங்காப்பியமாகிய சிலப்பதிகாரம் இவ்வுண்மைக்கு மறக்கவொண்ணாச் சான்று தருகிறது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாது ஆணையிட்டான். ஆணை அரண்மனை வாயிலைக் கடந்து சென்றது. அதன் பின்னே மறு தூது செல்லவில்லை. ஆணை பிறந்ததற்கும் நிறைவேறியதற்கும் இடைப்பட்ட நேரத்தில், அதை நிறுத்தவும் மாற்றவும் மன்னனால் இயன்றிருக்கும். அவன் அதைத் தன் சொல்லாகக் கருதிக் கண்காணிக்கவில்லை. கையைவிட்டு எறிந்த கல்லாகக் கருதினான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, 'நான் கேட்டபோது அது உண்மையாகத் தோன்றியதே' என்று அவன் வாதாடவில்லை. தன் பிழையை அவையறிய ஒப்புக்கொண்டு, அவ்விடத்திலேயே உயிர் நீத்தான். ஆராயாமையால் அவன் குற்றவாளி. ஒப்புக்கொண்டமையால் அவன் மனிதன். காப்பியம் அவனுக்கு அளிக்கும் மதிப்பெல்லாம் அந்த ஒப்புதலால் வந்தது.

காப்பியத்தை விட்டு நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். ஒருவன் அல்லாது பல நாடுகளே சேர்ந்து விடுத்த ஒரு குறிப்பு எவ்வாறு பழையதாகித் தீங்கு விளைத்தது என்பதற்குக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமே சாட்சி. அனைத்துலக ஈய மன்றம் என்னும் அமைப்பு உற்பத்தி நாடுகளையும் நுகர்வு நாடுகளையும் உறுப்பினராகக் கொண்டது. ஈய விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் சந்தையில் ஈயத்தை வாங்கிக் குவித்து, விலையைத் தாங்கிப் பிடிப்பது அதன் முறை. 1980களின் தொடக்கத்தில் உலகில் ஈயத்தின் தேவை சுருங்கியது. அலுமினியமும் பிற பொருள்களும் அதன் இடத்தைப் பிடித்தன. மன்றத்தில் சேராத நாடுகளின் ஈயமும் சந்தைக்கு வந்தது. ஆயினும் மன்றம் கடன் வாங்கி வாங்கி விலையைத் தாங்கியது. பலகையில் எழுதிய விலை உயரவே நின்றது. அதைப் பார்த்த ஈயச் சுரங்கத்தார், தம் பொருளுக்கு இன்னும் மதிப்புண்டு என்று நம்பித் தோண்டிக்கொண்டிருந்தனர்.

1985ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மன்றத்தின் பணம் தீர்ந்தது. வாங்குவது நின்றது. இலண்டனிலும் கோலாலம்பூரிலும் ஈய வாணிபம் நிறுத்தப்பட்டது. பின்னர் சந்தை திறந்தபோது, விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பாதியாகியது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன; ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். மன்றத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் இங்கிலாந்தில் வழக்காடினர். மன்றத்தின் கடனுக்கு உறுப்பு நாடுகள் பொறுப்பாக மாட்டா என்று 1989இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

சட்டம் தன் வழியே சென்றது. அறம் என்ன சொல்கிறது? விலையைத் தாங்க முயன்றது குற்றமன்று. அதனால் பல ஆண்டுகள் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். கணிப்புத் தவறியதும் குற்றமன்று. தவறாத கணிப்பு இவ்வுலகில் இல்லை. தாங்க முடியாது என்பது தெரியத் தொடங்கிய பின்னும், முடியும் என்னும் தோற்றத்தைப் பலகையில் நிறுத்தி வைத்ததே குற்றம். படிப்படியாக மாற்றியிருந்தால் படிப்படியாக விலகியிருக்கக்கூடிய மக்கள், ஒரே நாளில் விளிம்பிலிருந்து தள்ளப்பட்டார்கள். மாற்றாமல் வைத்த குறிப்பு, உலகின் மாற்றத்தைத் தடுப்பதில்லை. அதைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக நம்மீது கொட்டுகிறது.

இனி, எதிர்வாதங்களையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம்.

'கேட்டவர் குழந்தையா? தம் பணத்துக்குத் தாமே பொறுப்பல்லவா?' என்பது முதல் வாதம். இதில் பாதி உண்மை உண்டு. நட்ட வரம்பைக் கேளாமல் வாங்கியது தலைமையாசிரியரின் பிழை. ஊரார் சொல்வதைக் கேட்டு உள்ளதையெல்லாம் வைப்பவரை எந்த அறநூலும் காப்பாற்றாது. ஆயினும் ஒருவருடைய பிழை மற்றவருடைய கடமையைப் போக்கிவிடாது. பள்ளத்தைப் பார்க்காமல் நடந்தவன் கவனக் குறைவானவன்தான். அதற்காக, அவன் வருவதைக் கண்டும் வாய் திறவாமல் நின்றவன் நல்லவனாகிவிடுவானா? அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே உள்ள தொலைவே கடமையின் அளவு.

'நான் காசு வாங்கவில்லையே' என்பது இரண்டாவது வாதம். கட்டணம் பெற்று ஆலோசனை கூறுவோரைச் சட்டம் கவனித்துக்கொள்கிறது. 1993இல் அமைக்கப்பெற்ற மலேசியப் பங்குப் பத்திர ஆணையம், உரிமமின்றி முதலீட்டு ஆலோசனைத் தொழில் நடத்துவோரை 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அகப்படாத இடத்தில்தான் அறத்துக்கு வேலை மிகுதி. காசு வாங்காதவனை மக்கள் கூடுதலாக நம்புகிறார்கள். தன்னலமின்றிச் சொல்கிறான் என்னும் மதிப்பே அவன் பெறும் கூலி. கூலி பெற்றவன் வேலையை முடிக்க வேண்டாமா?

'அடிக்கடி மாற்றினால் கேட்பவர் குழம்புவாரே' என்பது மூன்றாவது வாதம். இதுவே சிந்திக்கத்தக்கது. காற்றடிக்கும் பக்கமெல்லாம் திரும்பும் சொல் எவருக்கும் பயன்படாது. ஆதலின் மாற்றத்துக்கும் ஒழுங்கு வேண்டும். காரணம் மாறினால் சொல் மாற வேண்டும். மனம் அஞ்சியதால் மட்டும் சொல் மாறலாகாது. எந்நிலையில் மாற்றுவோம் என்பதை முதல்நாளே சொல்லிவிட்டால், பிறகு வரும் மாற்றம் குழப்பமாகத் தோன்றாது. முன்னரே உரைத்ததன் நிறைவேற்றமாகத் தோன்றும். நட்ட வரம்பின் அறம் இதுதான். அவ்வரம்பை உயர்த்தலாம், தாழ்த்தலாகாது என்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் விதி. உயர்த்துவது கேட்டவரின் இழப்பைக் குறைக்கிறது. தாழ்த்துவதோ, சொன்னவரின் தன்மானத்தைக் காக்கக் கேட்டவரின் பணத்தைச் செலவிடுகிறது. 'இன்னும் கொஞ்சம் பொறுங்கள், ஏறும்' என்னும் ஒரு சொல்லால் அழிந்த குடும்பங்கள் பல.

மாற்றத்தின் பெயரால் நிகழும் மற்றொரு தீமையையும் சுட்டிக்காட்ட வேண்டும். அது திருத்தம் அன்று, அழிப்பு. தோற்ற குறிப்புகளைத் துடைத்துவிட்டு, வென்ற குறிப்புகளை மட்டும் மாலையாகக் கோத்துக் காட்டுவோர் உளர். ஆசிரியர்களாகிய நமக்கு இதன் வேறுபாடு நன்கு தெரியும். வருகைப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் நாம் சுரண்டி அழிப்பதில்லை. பழைய எழுத்துத் தெரியும்படி ஒரு கோடு இழுத்து, திருத்தத்தை மேலே எழுதி, அருகே கையொப்பம் இடுகிறோம். கோட்டுக்குக் கீழே பிழை தெரிகிறது. கையொப்பத்தில் பொறுப்புத் தெரிகிறது. குறிப்பின் வரலாறும் இவ்வாறே இருத்தல் வேண்டும். இன்றைய நிலையைக் காட்டாத பலகை ஒரு பொய். நேற்றைய பிழையைக் காட்டாத ஏடு மற்றொரு பொய்.

மேலும், திருத்தம் யாரைச் சென்றடைகிறது என்பதும் அறத்தின் பகுதியே. முதற்சொல் எத்தனை பேரை எட்டியதோ, அத்தனை பேரையும் மறுசொல் எட்ட வேண்டும். அதே வேகத்தில், அதே உரத்த குரலில் எட்ட வேண்டும். 'வாங்குக' என்பதைக் கூவி அறிவித்து, 'விற்றுவிட்டேன்' என்பதைக் காதோடு சொல்வது, தான் வெளியேற மற்றவர்களை உள்ளே அடைத்து வைப்பதற்கு நிகராகும். என் மாணவன் இரண்டு நண்பர்களிடம் சொன்னானே, அது அவன் செய்த நன்மையா? தலைமையாசிரியரின் கண்கொண்டு பார்த்தால், அதுவே அவன் செய்த பெருந்தீமை. மாறியது அவனுக்குத் தெரியும் என்பதற்கு அந்த இரண்டு பேரும் சாட்சிகள் ஆகிவிட்டார்கள்.

குறிப்பு கைமாறிக் கைமாறி அறியாதவர்களுக்கும் போய்ச் சேருமே, அவர்களை எங்கே தேடுவது என்று கேட்கலாம். அதனால்தான் ஒவ்வொரு குறிப்பும் தன் ஆயுளைத் தன் நெற்றியிலேயே தாங்கியிருக்க வேண்டும். எழுதிய நாள், நேரம், இன்ன நாள் வரைதான் செல்லும் என்னும் எல்லை, இன்ன விலைக்குக் கீழே போனால் இது இறந்துவிட்டது என்னும் அறிவிப்பு ஆகிய இவை இருந்தால், எழுதியவன் எட்ட முடியாத இடத்திலும் குறிப்பு தன் மரணத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும். மருந்துக் குப்பியில் காலாவதி நாள் பொறிப்பது இதே அறத்தால் அன்றோ?

குறிப்பை விடுத்தபின் உடனிருத்தல் இயலக்கூடியதுதானா என்று ஐயுறுவோர், நம் மாநிலத்து வரலாற்றிலேயே ஒரு நன்மாதிரியைக் காணலாம். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்களின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்து நின்றனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து ரிங்கிட்டாகச் செலுத்திப் பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று சொன்னார். அதுவும் 'வாங்குக' என்னும் ஒரு குறிப்பே. ஆயின், சொன்னவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. அச்சொல்லைச் சங்கமாக, கணக்காக, ஆண்டுக் கூட்டமாக மாற்றி, 1979இல் மறையும்வரை அதனோடு தம் பெயரைப் பிணைத்திருந்தார். பால்மரம் சீவியவர் கொடுத்த பத்து ரிங்கிட்டுக்கு, கேள்வி கேட்க ஒரு முகவரி இருந்தது. ஒரு சொல் நிறுவனமாகும்போது அதன் கண்காணிப்பும் நிலைபெறுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதுவரை மாணவனைப் பற்றியே பேசினேன். அவன் போனபின், கேள்வி என் பக்கம் திரும்பிற்று. ஆசிரியனாகிய நானும் வாழ்நாள் முழுதும் குறிப்புகளை விடுத்தவன் அல்லனோ? தோட்டத்துப் பிள்ளைகளை நிற்கவைத்து, 'தட்டச்சுப் படி, சுருக்கெழுத்துப் படி. கிராணி வேலை உறுதி' என்று எத்தனை பேரிடம் கூறியிருப்பேன்! சொன்னபோது அது உண்மைதான். பின்னர் கணினி வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்களில் நம்மவர் குடியிருப்புகள் கலைந்தன. அலுவலகங்களின் தேவையே வேறாயிற்று. என் சொல் காலாவதியானதை நாளேட்டில் படித்து நான் அறிந்துகொண்டேன். என் சொல்லை நம்பித் தட்டச்சு வகுப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த பெற்றோரிடம் போய், 'காலம் மாறிவிட்டது. வேறு வழி பார்ப்போம்' என்று சொன்னேனா? சிலரிடம் சொன்னேன்; பலரிடம் சொல்லவில்லை. என் மாணவனும் இரண்டு பேரிடம் சொன்னான்.

நான் அவனுக்குச் சொன்ன விடை இது: "தம்பி, நீ பொய் சொல்லவில்லை, பொய்யை வாழவிட்டாய். சொல் வாயைவிட்டுப் போனதும் உன் கடன் தீரவில்லை. அதைக் கேட்டவர் அதைச் சுமந்து நிற்கும்வரை அது உன் சொல்தான்." அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தலைமையாசிரியரைப் போய்ப் பார்ப்பதாகக் கூறினான். இழந்த பணத்தை அவனால் திருப்பித் தர முடியுமா என்பது வேறு செய்தி. விற்ற நாளையும் விலையையும் மறைக்காமல் அவரிடம் சொன்னான் என்று பின்னர் அறிந்தேன். பிந்திய திருத்தந்தான், ஆயினும் கையொப்பமிட்ட திருத்தம்.

எங்கள் ஊரின் பெயருக்கு ஒரு கதை வழங்குகிறது. 'செத்தியா', 'காவான்' என்னும் இரண்டு மலாய்ச் சொற்கள் சேர்ந்து சித்தியவான் ஆயிற்று என்பர். உண்மையான தோழன் என்பது பொருள். ஆற்றுச் சேற்றில் சிக்கிய ஒரு யானையை விட்டு அகலாமல், அதன் துணை யானை அங்கேயே நின்றதாம். கரையிலிருந்து ஒருமுறை பிளிறி எச்சரித்துவிட்டுக் காட்டுக்குள் போயிருந்தால், அந்த யானையையும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஊருக்கு அதன் பெயர் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

நாளைக் காலையில் வகுப்பறைக்குள் நுழைந்ததும் நாம் செய்யும் முதல் வேலை, கரும்பலகையில் நேற்றைய தேதியை அழித்து இன்றைய தேதியை எழுதுவது. அதே கையால் அழிக்க வேண்டிய நம் பழைய சொற்கள் எத்தனை, அவற்றை இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.